இறங்காத பனி

பனி மேலிருந்து வருவது என்பதில் தமிழுக்கு ஐயம் இருந்ததே இல்லை. பனி பெய்கிறது என்கிறோம், கொட்டுகிறது என்கிறோம், மார்கழி மாலையில் தலையில் துண்டில்லாமல் வெளியே நிற்கும் பிள்ளையைப் ‘பனி இறங்குது, உள்ளே வா’ என்று அழைக்கிறோம். பனி பெய்து குளம் நிரம்புமா என்று கேட்கும் பழமொழிகூட அதன் அளவைத்தான் குறைத்துச் சொல்கிறது. அது பெய்கிறது என்பதை மறுக்கவில்லை.

சொல்லும் ஒன்றே ஒன்றுதான். பூசணிப் பூவின்மேல் விடியலில் நிற்கும் துளியும் பனி. வயல்வெளியை மறைத்து நிற்கும் மூட்டமும் பனி. இமயத்தின் உச்சியில் கிடப்பதும் பனி. பழைய இலக்கியத்தில் கண்ணில் திரளும் நீரும், உடல் கொள்ளும் நடுக்கமும்கூடப் பனிதான். கண்கள் பனித்தன என்று இன்றும் எழுதுகிறோம். சமவெளியில் வாழ்பவர்களுக்கு இந்த ஒரு சொல் போதுமானதாகவே இருந்திருக்கும். மலையில் வாழ்பவர்களுக்குப் போதவில்லை. நீலகிரியில் மழைக்காலத்தின் முடிவில் வந்து புல்லை நனைத்துவிட்டுப் போவதை நீர்ப்பனி என்றும், அதன் பின்னே வந்து புல்லை வெளுக்க வைப்பதை உறைபனி என்றும் பிரித்துச் சொல்கிறார்கள். நீர்ப்பனி என்பது சமவெளிக் காதுக்குக் கூறியது கூறலாகப் படும். இங்கே அது ஓர் அறிவிப்பு. நீர்ப்பனி தொடங்கிவிட்டது என்றால், செடிகளுக்கு மூடாக்கு தேட வேண்டிய காலம் வந்துவிட்டது என்று பொருள்.

நாங்கள் இருவரும் உதகைக்கு அருகே ஒரு பள்ளியில் ஆசிரியர்கள். எங்களில் ஒருவர் தமிழ் கற்பிப்பவர். மற்றவர் இயற்பியல் கற்பிப்பவர். பல குளிர்காலங்களாக விடியலில் எழுந்து நடந்து, பனியைப் பார்த்துவிட்டு வந்து, தேநீரோடு அதைப் பற்றி வாதிட்டுக்கொண்டிருப்பது எங்கள் வழக்கமாகிவிட்டது. ஜனவரி வந்தால் நாளிதழ்கள் தலைகுந்தாவின் வெண்மையான புல்வெளியைப் படம் பிடித்து ‘மினி காஷ்மீர்’ என்று தலைப்பிடும். சுற்றுலா வந்தவர்கள் புல்லில் படிந்திருப்பதைக் கையால் சுரண்டி எடுத்து, ஒருவர்மேல் ஒருவர் எறிந்துகொள்வார்கள். அவர்களுடைய மகிழ்ச்சியில் குறை காண எங்களுக்கு விருப்பமில்லை. ஆனால் காஷ்மீரில் மேகத்திலிருந்து விழுவதும் இங்கே புல்லின்மேல் காணப்படுவதும் ஒரே பொருளாயினும், ஒரே நிகழ்ச்சி அல்ல. காஷ்மீரின் பனி வானம் தருவது. நீலகிரியின் பனியோ வானத்துக்கு மண் கொடுத்துவிட்டதன் தடயம்.

இதைச் சற்று விளக்கிச் சொல்லத் தோன்றுகிறது.

உதகை பூமத்திய ரேகையிலிருந்து பதினொன்றரைப் பாகை வடக்கே, கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உயரம் ஏற ஏறக் காற்றின் வெப்பம் குறைகிறது. ஆயிரம் மீட்டருக்குச் சராசரியாக ஆறரை டிகிரி செல்சியஸ் என்று கணக்கு. கோயம்புத்தூரில் ஜனவரி மாத விடியல் ஏறக்குறைய 19 டிகிரி என்று வைத்துக்கொண்டால், அதைவிட 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கும் உதகை 7 டிகிரி அளவில்தான் இருக்க வேண்டும். குளிர்தான், ஆனால் நீர் உறையும் குளிர் அல்ல. எனில் மிச்சமிருக்கும் அந்த 7 டிகிரி எங்கே போகிறது? உறைபனியின் கதை முழுவதும் இந்தக் கேள்விக்குள் இருக்கிறது.

தொல்காப்பியம் குறிஞ்சி நிலத்துக்குக் கூதிர்காலத்தைச் சொல்லிவிட்டு, முன்பனியும் அதற்கு உரியது என்கிறது. ஐப்பசி கார்த்திகை கூதிர். மார்கழி தை முன்பனி. அடுத்தடுத்து வரும் இவ்விரு பருவங்களின் குளிர் வேறு வேறு வகையானது. நெடுநல்வாடை காட்டுவது கூதிரின் குளிர். இடையர்கள் நெருப்பைச் சுற்றி நின்று கைகாய்கிறார்கள், குரங்குகள் நடுங்குகின்றன, பறவைகள் மரத்திலிருந்து விழுகின்றன. அது மழையும் காற்றும் சேர்ந்த ஈரக்குளிர்; உடலில் வந்து மோதுகிற குளிர். முன்பனியின் குளிர் மோதுவதில்லை. வடகிழக்குப் பருவமழை விடைபெற்ற பிறகு, மேகம் விலகி, காற்றும் அடங்கி, விண்மீன்கள் கூர்மையாகத் தெரிகிற இரவில் அது உண்டாகிறது. அப்படிப்பட்ட இரவில் வெளியே நின்றால், எதுவும் நம்மேல் வந்து படுவதாகத் தோன்றாது. நம்மிடமிருந்து ஏதோ போய்க்கொண்டிருப்பதாகவே தோன்றும்.

உண்மையில் நடப்பதும் அதுதான். பகலில் வெயில் வாங்கிய நிலம் இரவில் அந்த வெப்பத்தைக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிராக வெளிவிட்டுக்கொண்டிருக்கிறது. புல்லும் கல்லும் கூரையும் நாமும் அப்படியே. மேகம் இருந்தால் அது அந்தக் கதிரை வாங்கிக்கொண்டு தன் பங்குக்குத் திருப்பி அனுப்பும். கொடுக்கல் வாங்கலில் பெரிய நட்டம் வராது. மேகமில்லாத வறண்ட இரவில், அதிலும் காற்று மெலிந்த மலையுச்சியில், திரும்பி வருவது மிகக் குறைவு. புல்லின் இதழ் மெல்லியது. தன்னுள் வெப்பத்தைச் சேர்த்துவைக்க அதற்கு இடமில்லை. அடியிலுள்ள மண்ணின் வெப்பமும் அதை எளிதில் எட்டுவதில்லை. ஆகவே அது தன்னைச் சூழ்ந்திருக்கும் காற்றைவிடவும் குளிர்ந்துபோகிறது. வானிலை நிலையத்து வெப்பமானி தரையிலிருந்து ஏறக்குறைய நாலடி உயரத்தில் ஒரு பெட்டிக்குள் இருக்கிறது. அது 3 டிகிரி காட்டும் விடியலில் அதன் காலடியிலுள்ள புல் வெளுத்துக் கிடப்பதை நாங்கள் பலமுறை பார்த்திருக்கிறோம். புல் இருக்கும் உயரத்தில் அப்போது சுழிக்குக் கீழே போயிருக்கும்.

பனி வானிலிருந்து இறங்குவதில்லை என்பதை முறையாகச் சோதித்துக் காட்டியவர் வில்லியம் சார்லஸ் வெல்ஸ் என்ற மருத்துவர். அமெரிக்காவின் தென் கரோலினாவில் பிறந்து லண்டனில் தொழில் செய்தவர். 1814இல் பனித்துளி பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அவருடைய கருவி எடை போட்ட கம்பளிப் பஞ்சு. கால் நட்டு உயர்த்திய ஒரு பலகையின் மேலும் கீழும் பஞ்சை வைத்து, விடியலில் எடுத்து எடை பார்த்தார். மேலே இருந்தது கூடுதலாக நனைந்திருந்தது. மேலிருந்து விழுவதால்தானே என்று கேட்கலாம். அதற்காக, மேலும் கீழும் திறந்த ஒரு சுட்டமண் குழாயைத் தரையில் செங்குத்தாக நிறுத்தி, அதனுள்ளே பஞ்சை வைத்தார். பனி மழைபோல் நேராக விழுவதாக இருந்தால், குழாய்க்குள் இருக்கும் பஞ்சும் வெளியே இருக்கும் பஞ்சும் ஒரே அளவு நனைந்திருக்க வேண்டும். உள்ளே இருந்தது மிகக் குறைவாகவே நனைந்திருந்தது. குழாயின் சுவர் விழுவது எதையும் தடுக்கவில்லை. வானத்தின் பெரும்பகுதியைப் பஞ்சிலிருந்து மறைத்திருந்தது, அவ்வளவே. எவ்வளவு வானம் தெரிகிறதோ அவ்வளவு குளிர்ச்சி. எவ்வளவு குளிர்ச்சியோ, பக்கத்துக் காற்றிலுள்ள ஈரம் அவ்வளவு அதன்மேல் படியும்.

அந்நூலில் எங்களுக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. தோட்டக்காரர்கள் குளிரில் வாடும் செடிகளை ஒரு மெல்லிய பாயால் மூடுவதைப் பார்த்து, இவ்வளவு மெல்லிய பாய் எப்படிக் குளிரைத் தடுக்கும் என்று தாம் முன்பு நகைத்ததுண்டு என்கிறார் வெல்ஸ். பாய் செடிக்கு வெப்பம் தருவதில்லை. அது செடிக்கும் வானத்துக்கும் நடுவே நிற்கிறது, அதுவே போதும் என்பதைத் தம் சோதனைகளுக்குப் பிறகே உணர்ந்தார். உதகைத் தாவரவியல் பூங்காவில் இன்றும் குளிர்காலத்தில் பூச்செடிகளுக்கு மேல் மிலார்ச் செடிகளைக் கவிழ்த்து மூடுகிறார்கள். வெல்ஸைப் படித்துவிட்டுச் செய்வதல்ல அது.

இந்த அறிவும் இந்திய மண்ணுக்குப் புதிதல்ல. பதினெட்டாம் நூற்றாண்டில் அலகாபாத்தில் பனிக்கட்டி செய்யும் முறையை ராபர்ட் பார்க்கர் என்ற ஆங்கிலேயர் கண்டு, 1775இல் எழுதியிருக்கிறார். திறந்த வெளியில் ஆழமில்லாத குழிகள் வெட்டி, அடியில் கரும்புச் சக்கையும் காய்ந்த தட்டையும் பரப்பி, அதன்மேல் மெருகிடாத சிறு மண்தட்டுகளை நெருக்கமாக அடுக்கி, காய்ச்சி ஆறிய நீரை மாலையில் ஊற்றிவைப்பார்கள். சக்கையும் தட்டையும் நிலத்தின் வெப்பம் மேலேறாமல் தடுக்கும். மண்தட்டின் துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகிச் சிறிது குளிர்விக்கும். மிச்ச வேலையைத் தெளிந்த வானம் பார்த்துக்கொள்ளும். கதிர் எழும் முன் வந்து தட்டுகளிலிருந்து பனிக்கட்டியை எடுப்பார்கள். நீர்நிலை எதுவும் உறையாத சமவெளியில், வானத்தைக் கொண்டு நீரை உறையவைத்தவர்கள் அவர்கள்.

நீர்நிலை என்றதும் உதகை ஏரியை நினைக்காமல் இருக்க முடிவதில்லை. கரையில் கவிழ்த்த படகின்மேல் உறைபனி படிந்திருக்கும்போது ஏரி ஏன் உறைவதில்லை என்று மாணவர்கள் ஆண்டுதோறும் கேட்கிறார்கள். நீர் 4 டிகிரியில்தான் மிக அடர்த்தியாக இருக்கிறது. மேற்பரப்பு நீர் குளிர்ந்ததும் கனத்துக் கீழே போகிறது. அடியிலிருக்கும் சற்று வெதுவெதுப்பான நீர் மேலே வருகிறது. ஏரி முழுவதும் 4 டிகிரிக்கு வந்து சேர்ந்த பிறகே மேற்பரப்பு அதற்கும் கீழே குளிர்ந்து உறையத் தொடங்கும். அதற்கு ஓர் இரவு போதாது. மறுநாள் வெயில் வந்து கணக்கை அழித்துவிடுகிறது. வாசலில் வைத்த வாளி நீரின்மேல் சில விடியல்களில் கண்ணாடித் தகடுபோல ஓர் ஏடு கட்டும். ஏரியின்மேல் கட்டுவதில்லை.

இனி புல்லின்மேல் படிவதைப் பார்ப்போம். கைக்கண்ணாடி ஒன்றை எடுத்துக்கொண்டு, மூச்சுக்காற்று படாமல் குனிந்தால் போதும். உறைபனியில் இரண்டு வகை உண்டு. ஒன்று, முதலில் துளியாகப் படிந்து பின்னர் உறைந்தது. அது உருண்டையாக, பால்நிறக் கண்ணாடி மணியாக இருக்கும். மற்றது, காற்றிலுள்ள நீராவி நீராகாமலே நேராகப் படிகமானது. அது ஊசியாகவும் தகடாகவும் சிறு கிண்ணமாகவும் வளர்ந்திருக்கும். இலையின் நடுவைவிட விளிம்பிலும், விளிம்பைவிட அதன் நுண்ணிய மயிர்முனைகளிலும் முதலில் தோன்றும். வெளியே நீட்டிக்கொண்டிருப்பவை விரைவில் குளிர்வதும், காற்றிலுள்ள ஈரத்தை முதலில் தொடுவதும்தான் காரணம். சில நேரங்களில் ஒரே இலையில் ஒரு படிகமும், அதைச் சுற்றிச் சிறிது ஈரமற்ற இடமும், அதற்கப்பால் துளிகளும் இருக்கும். பனிக்கட்டி தன்மேல் இருத்திக்கொள்ளும் ஆவி, அதே குளிரிலுள்ள நீரின்மேல் இருப்பதைவிடக் குறைவு. ஆகவே பக்கத்துத் துளியிலிருந்து கிளம்பும் ஆவி படிகத்தில் போய்ச் சேர்கிறது. துளி சிறுக்கப் படிகம் பெருக்கிறது. எங்களில் தமிழ் கற்பிப்பவர் இதைக் கந்துவட்டி என்றார். இயற்பியல் கற்பிப்பவர் அந்த உவமையை வகுப்பில் பயன்படுத்துகிறார்.

இலைக்குள்ளே நடப்பதும் ஏறக்குறைய இதுவே, ஆனால் அங்கே அழகில்லை. இலையினுள் நீர் முதலில் உறைவது செல்லுக்குள் அல்ல, செல்களுக்கு இடைப்பட்ட வெளியில். அங்கே உண்டான பனிக்கட்டி செல்லுக்குள்ளிருந்து நீரை உறிஞ்சி வளர்கிறது. செல் வற்றிச் சுருங்குகிறது. அதன் சவ்வு சிதைகிறது. குளிரால் மாண்டதாகச் சொல்லப்படும் செடி உண்மையில் தாகத்தால் மாண்டது. விடியலில் அது வெண்மையாக, விறைப்பாக, உயிருடன் இருப்பது போலவே நிற்கும். வெயில் ஏறி, பனி உருகி, நண்பகல் ஆகும்போதுதான் இலை தொங்கிக் கருகும். மக்கள் வெயில் கருக்கியது என்பார்கள். இரவிலேயே முடிந்துபோன காரியத்தை வெயில் வெளிச்சம் போட்டுக் காட்டுகிறது, அவ்வளவுதான்.

எங்கள் வீட்டை அடுத்து முக்கால் ஏக்கர் நிலம் வைத்திருக்கும் அம்மாவிடமிருந்து பனி பற்றி நாங்கள் அறிந்துகொண்டவை பாடநூல்கள் தந்தவற்றைவிடக் குறைவல்ல. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட குடும்பங்களில் ஒன்று அவருடையது. சிறுமியாக நுவரெலியாவின் தேயிலையிலேயே உறைபனியைப் பார்த்தவர். ‘டீச்சர், வானம் தெரியுற செடிதான் கருகும்’ என்பார். வெல்ஸ் ஒரு நூல் எழுதிச் சொன்னதை நான்கு சொற்களில் சொல்லிவிட்டார் என்று நாங்கள் வியந்துகொண்டோம். அவருக்கு அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

அவருடைய நிலம் ஒரு சரிவு. மேலே பழைய தேயிலை. கீழே பள்ளத்தை நோக்கி, நகையை அடகு வைத்து நட்ட இளந்தேயிலை அறுநூறு கன்றுகள். குளிர்ந்த காற்று வெதுவெதுப்பான காற்றைவிடக் கனமானது. காற்றில்லாத இரவில் அது சரிவில் நீரைப்போல மெல்ல வழிந்து பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் மேட்டில் இருக்கும் தோட்டம் தப்பிக்க, ஐம்பதடி கீழே இருக்கும் தோட்டம் கருகுகிறது. இது அந்த அம்மாவுக்குத் தெரியும். வழக்கமாகக் கீழ்ப்பள்ளத்தில் இருக்கும் கன்றுகளை மட்டும் பெரணித் தழையாலும் சாக்குகளாலும் மூடுவார், மேல்வரிசைகளை விட்டுவிடுவார்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தை மாதம், நீர்ப்பனி போய் உறைபனி தொடங்கிய மூன்றாம் நாள், அவர் மாலையிலேயே வந்து கதவைத் தட்டினார். வழக்கத்துக்கு மாறாக நடுவரிசைகளிலும் முந்தைய இரவு வெள்ளை பிடித்திருந்ததாகச் சொன்னார். சேர்த்துவைத்த தழை நானூறு கன்றுகளுக்குத்தான் வரும். வீட்டிலிருந்த பழைய வேட்டி, புடவை, போர்வை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு நாங்களும் போனோம். கைவிளக்கின் வெளிச்சத்தில் மூன்று மணிநேரம் குச்சி ஊன்றி, துணி விரித்து, பறக்காமல் கல் வைத்தோம். அப்படியும் நூற்றுக்கு மேற்பட்ட கன்றுகள் வெறுமனே நின்றன. எவற்றை விடுவது என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டியிருந்தது. அவர் வரிசைகளுக்கு நடுவே நடந்து, ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்து, தண்டு தடித்தவற்றை விட்டுவிட்டு மெலிந்தவற்றை மூடச் சொன்னார். தடித்தது மேலே கருகினாலும் அடியிலிருந்து துளிர்க்கக்கூடும் என்பது அவர் கணக்கு. அன்றிரவு விண்மீன்கள் அவ்வளவு அழகாக இருந்தன. அவர் ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

விடியலில் மூடாத கன்றுகள் எல்லாம் வெள்ளையாக நின்றன. நண்பகலுக்குள் எண்பத்துமூன்று கருகின. மூடியவற்றில் பெரும்பாலானவை பிழைத்தன. மெல்லிய வேட்டி ஒன்றின் கீழ் இருந்த கன்றுகள்கூட.

நடுவரிசைக்குப் பனி ஏன் ஏறியது என்பது அடுத்த நாள் மாலை விளங்கிற்று. தோட்டத்துச் சருகைக் குவித்து எரித்தபோது புகை மேலே போகவில்லை. தரையோடு தரையாகச் சரிவில் ஊர்ந்து போய், கீழ்நிலத்தில் முந்தைய கோடையில் எழுப்பப்பட்டிருந்த ஒரு தங்கும் விடுதியின் சுற்றுச்சுவரில் முட்டி நின்றது. பின்னர் சுவரோரம் தேங்கி, அணையில் நீர் உயர்வதுபோல மெல்ல உயர்ந்து, நடுவரிசையைத் தொட்டது. முன்பு பள்ளத்தின் வழியே ஓடைப்பக்கம் வடிந்துகொண்டிருந்த குளிர்க்காற்றுக்கு அந்தச் சுவர் அணை ஆகியிருந்தது. சுவர் கட்டியவர்களுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. காற்றுக்கு வழிவிட வேண்டும் என்று எந்தக் கட்டட வரைபடத்திலும் எழுதியிருப்பதில்லை.

விடுதி மேலாளரிடம் பேசப் போனோம். முதலில் அவருக்கு இது வேடிக்கையாக இருந்தது. மாலையில் வந்து புகையைப் பார்க்கும்படி கேட்டுக்கொண்டோம், வந்தார். இரண்டு மாதங்கள் கழித்து, சுவரின் தாழ்ந்த மூலையில் நான்கடி அகலத்துக்கு இடித்துக் கம்பிக் கதவு ஒன்று வைத்துக் கொடுத்தார்கள். அடுத்த ஆண்டு நடுவரிசைகளில் வெள்ளை பிடித்த நாட்கள் குறைந்தன. ஓர் ஆண்டை வைத்து எதையும் நிறுவிவிட முடியாது என்று எங்களில் ஒருவர் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்த அம்மா கருகிய கன்றுகளை உடனே பிடுங்கவில்லை. மழை வந்தபோது அவற்றில் பாதிக்குமேல் அடியிலிருந்து துளிர்த்தன.

உறைபனி இந்த மலையில் தேயிலைக்கு எதிரி. எனினும் தேயிலை வருவதற்கு மிக முன்பிருந்தே அது இங்கே வேறொரு வேலையைச் செய்துவந்திருக்கிறது. அதையும் சொல்லாமல் இந்தக் கட்டுரை முழுமையாகாது.

நீலகிரியின் மேல்மலையில் மனிதக் கை படாத இடங்கள் ஒரு விசித்திரமான காட்சியைத் தருகின்றன. குன்றுகளின் முதுகெல்லாம் வெறும் புல். மடிப்புகளில் மட்டும் இருண்டு அடர்ந்த சோலை. இரண்டுக்கும் நடுவே கத்தியால் வெட்டியது போன்ற எல்லை. மழைக்குக் குறைவில்லாத மலையில் சோலை ஏன் புல்வெளிக்குள் பரவுவதில்லை? வனத்துறையைச் சேர்ந்த சி. ஆர். ரங்கநாதன் 1938இல் எழுதிய ஆய்வில் இதற்கு உறைபனியே காரணம் என்றார். தீயும் மேய்ச்சலும்தான் காரணம் என்று வாதிட்டவர்களும் உண்டு. வாதம் பல்லாண்டுகள் நீண்டது. இந்தப் புல்வெளி மனிதர் காட்டை அழித்ததால் உண்டானது அல்ல என்பதை, நீலகிரிச் சதுப்புகளின் கரிமண்ணை ஆராய்ந்து ராமன் சுகுமாரும் உடனிருந்தோரும் 1993இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட கட்டுரை காட்டியது. இருபதாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இங்கே புல் இருந்திருக்கிறது. வானிலை மாற மாறப் புல்லும் காடும் ஒன்றுக்கொன்று இடம் விட்டுக்கொடுத்து வந்திருக்கின்றன. 2020இல் அதுல் ஜோஷி, ஜெயஸ்ரீ ரத்னம், மகேஷ் சங்கரன் ஆகியோர் வெளியிட்ட ஆய்வு, புல்வெளியின் உறைபனி சோலை மரங்களின் கன்றுகளை அங்கே நிலைக்கவிடுவதில்லை என்பதற்கு வலுச் சேர்த்தது.

சோலையின் கூரை தன் கன்றுகளுக்கு வெல்ஸின் பாயாக இருக்கிறது. அதன் கீழ் விழும் விதைக்கு வானம் தெரிவதில்லை. ஆகவே அது முளைத்துப் பிழைக்கிறது. அதே விதை பத்தடி வெளியே புல்லில் விழுந்தால், மழையில் முளைக்கும், தையில் கருகும். புல்லோ வானத்துக்கு முழுவதும் திறந்து கிடந்தபடியே வாழக் கற்றுக்கொண்டது. அதன் உயிர்ப்பான குருத்து மண்ணை ஒட்டி இருக்கிறது. மேலிதழ் காய்ந்து பழுப்பானாலும் அடுத்த மழைக்கு மீண்டும் எழுகிறது. இதனால்தான் இங்கே ஒரு சோலையை வெட்டினால் அது எளிதில் திரும்புவதில்லை. வெட்டியவர்கள் மரத்தை மட்டும் கொண்டுபோவதில்லை. கன்றுகளின் போர்வையையும் கொண்டுபோகிறார்கள்.

புல்வெளியைத் தரிசு என்று கருதிய காலம் ஒன்று இருந்தது. ஆங்கிலேயர் ஆட்சியிலும் அதன் பின்னரும் கற்பூர மரமும் சீகையும் அங்கே பெருமளவில் நடப்பட்டன. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சீகை உறைபனியைத் தாங்குகிறது. சோலைக் கன்றுகள் நுழைய முடியாத புல்வெளியில் அது தானாகவே பரவிக்கொண்டிருக்கிறது. குளிர்கால இரவுகள் வெதுவெதுப்பாக மாறினால் இந்தச் சமநிலை மேலும் குலையக்கூடும் என்று அதே ஆய்வாளர்கள் சுட்டுகிறார்கள். பனி குறைந்தால் தேயிலைக்கு நல்லதுதானே என்று பக்கத்துத் தோட்டத்து அம்மா கேட்டால், நல்லதுதான் என்றே சொல்ல வேண்டியிருக்கும். அவர் அடகுவைத்த நகையின் முன்னால் புல்வெளியின் இருபதாயிரம் ஆண்டுகளை வைத்துப் பேச எங்களுக்கு நா எழாது. இரண்டும் உண்மை, இரண்டும் ஒரே இரவில், ஒரே சரிவில் நடக்கின்றன.

எங்கள் கைக்கு எட்டிய காரியம் சிறியது. எங்கள் பள்ளியில் ஆண்டுதோறும் மழைக்காலத்தில் மரம் நடுவிழா உண்டு. எதிரேயுள்ள புல்மேட்டைப் ‘பசுமையாக்குவது’ என்று ஓர் ஆண்டு முடிவாயிற்று. விழாவை மறுக்காமல் ஆறு மாதம் தள்ளிவைக்கும்படி நாங்கள் கேட்டுக்கொண்டோம். ஜனவரியில், விடியற்காலை ஆறு மணிக்கு, இருபது மாணவர்களை அங்கே அழைத்துச் சென்றோம். சோலையின் விளிம்பிலிருந்து உள்ளே பத்தடியும் வெளியே பத்தடியும் கயிறு கட்டி, முளைத்திருக்கும் கன்றுகளை எண்ணிக் குறித்துக்கொள்ளச் சொன்னோம். பிறகு நண்பகலிலும், ஒரு வாரம் கழித்தும் மீண்டும் எண்ணினோம். உள்ளே இருந்தவற்றில் பெரும்பாலானவை அப்படியே இருந்தன. வெளியே இருந்த சோலைக் கன்றுகளில் பச்சையாக எஞ்சியவை மிகச் சில. அருகில் நின்ற சீகைக் கன்றுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அட்டவணையைத் தலைமையாசிரியரின் மேசையில் கொண்டுபோய் வைத்தவள் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி. அவர் அதைப் படித்துவிட்டு, ‘அப்படியானால் வாங்கிவைத்த கன்றுகளை எங்கேதான் நடுவது?’ என்று கேட்டார். சோலைக்குள் மரம் விழுந்து வெளிச்சம் விழுகிற இடைவெளிகளில், ஓரத்து மரங்களின் கிளை நீண்டிருக்கும் இடமாகப் பார்த்து, என்று அவள் சொன்னாள். வனத்துறையின் ஒப்புதல் பெற்று ஜூன் மாதம் அப்படியே நட்டோம். மொத்தம் நாற்பத்தாறு கன்றுகள். புல்மேட்டில் எதுவும் நடவில்லை. அங்கே முளைத்திருந்த சீகைக் கன்றுகளை மட்டும் மாணவர்கள் பிடுங்கிக் குவித்தார்கள். மண் ஈரமாக இருந்ததால் அவை வேரோடு வந்தன.